குவாய் ஆற்றுப் பாலமும் ஏழு ஒஸ்கார்களும்

[எமது வட்டத்தின் மாதாந்தத் திரையிடலுக்குப் பிறகு தோழர் ஒருவர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. பேச்சுநடையை இயன்றளவு அப்படியே விட்டிருக்கிறோம். – தொகுப்புக் குழு]



இரண்டு மணி நாற்பது நிமிடப் படத்தை ஒருவரும் எழும்பிப் போகாமல் பார்த்திருக்கிறீங்கள். அதுவே அந்தப் படத்துக்கு ஒரு சான்றிதழ்தான். இந்த ஆண்டு எங்கள் திரையிடல்களுக்கு நாங்கள் வைத்த கேள்வி உங்களுக்குத் தெரியும்: உச்சப் பரிசு வாங்கிய பழைய படங்கள் அதற்குத் தகுதியானவையா? போன மாதம் இந்தக் கேள்வி ஒரு கிரிக்கெட் சண்டை மாதிரிப் போய்விட்டது. ஆளுக்கொரு படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இன்றைக்கு ஒரே படம், ஒரே இரவு என்று எடுத்துக்கொள்ளுவோம். 1958 மார்ச் 26. அன்று 'குவாய் ஆற்றுப் பாலம்' ஏழு ஒஸ்கார்களை அள்ளிக்கொண்டு போனது. சிறந்த படம், டேவிட் லீனுக்கு நெறியாள்கை, அலெக் கின்னசுக்கு நடிப்பு, பிறகு தழுவல் திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை. எட்டுப் பரிந்துரையில் ஏழு.

தவறிப்போன எட்டாவது, முகாம் தளபதி சைட்டோவாக நடித்த செசுவே ஹயகாவாவுக்கு உரியது. மௌனப்பட காலத்தில் ஹொலிவூட்டின் பெரிய நட்சத்திரமாக இருந்த மனிதர். அவரை விட்டுவிட்டார்கள். ஆனால் அதே இரவில் 'சயோனாரா' படத்துக்காக மியோஷி உமேகி துணை நடிகை விருது வாங்கினார். ஆசிய நடிகை ஒருவர் ஒஸ்கார் வாங்கியது அதுதான் முதல் தடவை. 'மதர் இந்தியா'வும் அந்த ஆண்டுதான் வெளிநாட்டுப் படப் பிரிவில் நின்று ஃபெலினியின் படத்திடம் தோற்றது. அந்த மண்டபத்தில் அன்றைக்கு ஆசியா ஒரு நாகரிகம் என்றே சொல்லலாம். ஆசியாவின் காடு, ஆசியாவின் ஆறு, ஆசியாவின் சிறைமுகாம். ஆசியாவின் தொழிலாளி மட்டும் உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் படத்துக்குரியதைப் படத்துக்குக் கொடுத்துவிடுவோம். இது நல்லாய் எடுக்கப்பட்ட படம். கின்னசின் கேணல் நிக்கல்சன் சினிமாவில் வந்த மிகத் துல்லியமான அதிகாரி உருவங்களில் ஒன்று. தகரப் பெட்டிக்குள்ளிருந்து வெளியில் எடுத்துவிடும்போது அவர் நடந்து வருகிற நடையை நினைத்துப் பாருங்கோ. கால் தள்ளாடுகிறது, முதுகு மட்டும் வளைய மறுக்கிறது. ஒரு வசனமும் இல்லாமல் ஒரு வர்க்கத்தின் முழு வரலாறும் அந்த முதுகில் இருக்கிறது. அந்த நடைக்கே விருது கொடுக்கலாம். கொடுத்தார்கள், சரி.

ஆனால் அந்த மனிதர் எதற்காகத் தகரப் பெட்டிக்குள் போனார்? படத்தின் முதல் ஒரு மணி நேரம் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற அந்த மாபெரும் எதிர்ப்பு எதற்கானது? அதிகாரிகள் கைவேலை செய்யக் கூடாது என்பதற்கானது. சிப்பாய்மார் மண் வெட்டலாம், மரம் சுமக்கலாம், அதில் அவருக்குப் பிரச்சினை இல்லை. ஜெனீவா உடன்படிக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் காப்பாற்றியது ஒரு வர்க்கச் சலுகையை. அந்தச் சண்டையில் வென்ற பிறகு என்ன செய்கிறார்? பாலம் தன்னுடைய பாலம் ஆகிவிட்டது. இப்போது அதே அதிகாரிகளை அவரே வேலைக்கு இறக்குகிறார். வைத்தியசாலைக் கொட்டிலுக்குள் போய், படுத்துக் கிடக்கிற நோயாளிகளையும் 'இலேசான வேலை' என்று எழுப்பிக்கொண்டு வருகிறார். சைட்டோவால் செய்விக்க முடியாததை நிக்கல்சன் அன்பாகச் செய்வித்து முடிக்கிறார்.

படத்துக்கு இது தெரியும். அதுதான் அதன் பெருமை. மருத்துவர் கிளிப்டன் பக்கத்தில் நின்று, எதிரிக்கு இவ்வளவு நல்ல பாலம் கட்டிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறார். முடிவில் அவர்தான் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைப் பார்த்துத் தலையில் கைவைக்கிறார். ஏகாதிபத்திய அதிகாரியின் மூளை எப்படி வேலை செய்யும், ஒழுங்கு, கடமை, பெருமை என்ற சொற்களுக்குள் அடிமைவேலை எப்படி ஒளிந்துகொள்ளும் என்பதை 1957-ல் ஒரு பெருஞ்செலவுப் படம் இவ்வளவு தெளிவாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை.

யார் எழுதினது இதை? விருது மேடையில் வாசிக்கப்பட்ட பெயர் ப்யேர் பூல். 1952-ல் வந்த பிரெஞ்சு நாவலின் ஆசிரியர். அவர் திரைக்கதையில் ஒரு பக்கமும் எழுதவில்லை. எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மன், மைக்கல் வில்சன் இரண்டு பேரும். இருவரும் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். அமெரிக்கக் கொங்கிரசின் விசாரணைக் குழுவுக்கு முன்னால் தங்கள் தோழர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தவர்கள். ஃபோர்மன் 'ஹை நூன்' எழுதியவர். அந்தப் படம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அழைப்பாணை வந்து, பிறகு பிரித்தானியாவுக்குப் போய்விட்டார். வில்சன் 'அ பிளேஸ் இன் த சன்' படத்துக்கு ஏற்கெனவே ஒஸ்கார் வாங்கியவர். அதற்குப் பிறகு ஹொலிவூட்டில் அவருடைய பெயரைத் திரையில் போட ஒருவரும் துணியவில்லை.

இதைத் தயாரிப்பாளரின் கோழைத்தனம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது எழுதப்பட்ட சட்டம். 1957 பெப்ரவரியில் அகாடமி ஒரு விதி கொண்டுவந்தது: கொம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததை ஒப்புக்கொண்டு அதை மறுதலிக்காதவரும், விசாரணைக்குப் பதில் சொல்ல மறுத்தவரும் ஒஸ்காருக்குத் தகுதியற்றவர். அந்த விதியை 1959 ஜனவரியில்தான் நீக்கினார்கள். 'குவாய்' விருது வாங்கிய இரவு சரியாக அந்த இடைவெளிக்குள் விழுகிறது. அதாவது அந்த ஆண்டின் சிறந்த தழுவல் திரைக்கதை என்று அவர்கள் தெரிவு செய்த எழுத்தை எழுதியவர்கள் அந்தப் போட்டியில் நிற்கவே சட்டப்படி தகுதியற்றவர்கள். 1984-ல் அகாடமி அந்த விருதை இருவருக்கும் உரியது என்று திருத்தியது. வில்சன் 1978-லேயே செத்துப்போனார். ஃபோர்மனும் அந்த 1984-லேயே போய்விட்டார். சிலையை வாங்கிக்கொண்டது அவர்களுடைய மனைவிமார்.

இந்த இடத்தில் அகாடமி என்கிற அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1927-ல் எம்.ஜி.எம். முதலாளி லூயி பி. மேயர் முன்னின்று தொடங்கியது அது. ஸ்டூடியோத் தொழிலாளர்கள் சங்கம் சேரத் தொடங்கிய காலம். நடிகர், எழுத்தாளர், தொழில்நுட்பக்காரர் எல்லாரையும் சங்கத்துக்குப் போகவிடாமல் ஒரே குடைக்குள் வைத்திருப்பது அதன் தொடக்க நோக்கங்களில் ஒன்று. விருது பிறகு ஒட்டிக்கொண்டது. 1930களில் எழுத்தாளர்கள் தங்கள் சங்கத்தைக் கட்டினபோது டட்லி நிக்கல்ஸ் என்ற திரைக்கதை எழுத்தாளர் 'த இன்ஃபோர்மர்' படத்துக்குக் கிடைத்த ஒஸ்காரை வேண்டாம் என்று திருப்பிவிட்டார், சங்கத்துக்காக. பரிசு என்பது தொழிலாளர்–முதலாளி உறவுக்கு வெளியே, வானத்திலிருந்து விழுந்த தராசு எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இதைச் சொல்லுங்கோ.

சரி, திரைக்கதை விருதை ஆள் மாற்றிக் கொடுத்தார்கள், எழுத்துக்குக் கொடுத்தது சரி என்று வைப்போம். இனி, அந்தப் படம் சொல்கிற கதைக்கு வருவோம்.

படத்தின்படி ஜப்பானியப் பொறியியலாளருக்குப் பாலம் கட்டத் தெரியாது. இடத்தைப் பிழையாகத் தெரிவு செய்கிறார்கள், கட்டினது எல்லாம் விழுகிறது. பிறகு வெள்ளை அதிகாரிகள் வந்து மண்ணைப் பரிசோதித்து, கணக்குப் போட்டு, வேலையைப் பிரித்துக் கொடுத்து, நூற்றாண்டுகள் நிற்கக்கூடிய பாலத்தைக் கட்டுகிறார்கள். இது கலப்படமில்லாத குடியேற்றக்காலக் கட்டுக்கதை. உண்மையில் சயாம்–பர்மா ரயில் பாதையை அளந்ததும் வரைந்ததும் கட்டுவித்ததும் ஜப்பானிய இராணுவத்தின் ரயில்வே பொறியியலாளர்கள். காஞ்சனபுரிக்குப் பக்கத்தில் தாமார்கான் என்ற இடத்தில் அவர்கள் கட்டியது இரண்டு பாலங்கள், ஒன்று மரம், மற்றது இரும்பு. இரும்புப் பாலத்தின் வளைவுகளை ஜாவாவிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார்கள். 1943-ல் முடிந்த பாலங்கள் நேச நாட்டு விமானங்கள் குண்டு போடும்வரைக்கும் வேலை செய்தன. அந்த ஆற்றின் பெயரும் அப்போது குவாய் இல்லை, மே குளோங். படம் பார்த்துவிட்டு உல்லாசப் பயணிகள் வந்து குவாய் ஆறு எங்கே என்று தேடத் தொடங்கினதால் 1960களில் தாய்லாந்துக்காரர் ஆற்றின் அந்தப் பகுதிக்கு 'குவாய் யாய்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு படம் ஒரு ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டது என்றால் அதன் பலத்தை யோசியுங்கோ.

அங்கே உண்மையில் இருந்த பிரித்தானிய அதிகாரி லெப்ரினன்ற் கேணல் பிலிப் டூசி. நிக்கல்சனுக்கு நேர் எதிர். ஆட்களை உயிரோடு வைத்திருக்கப் பேச்சுவார்த்தை நடத்தினார், வேலையை இழுத்தடித்தார். அவருடைய ஆட்கள் மரத்தூண்களுக்குள் கறையானைப் பிடித்து விட்டார்கள், கொங்கிறீற்றைப் பிழையாகக் குழைத்தார்கள். உயிர் தப்பிவந்த போர்க்கைதிகள் இந்தப் படத்தின் மேல் கோபப்பட்டது நியாயம். அவர்களுடைய கோபத்தைக் கேட்க ஆட்கள் இருந்தார்கள், பத்திரிகை இருந்தது, பிறகு புத்தகங்களும் வந்தன.

கோபப்படக் கூட ஆள் இல்லாமல் போனவர்கள் வேறு.

கணக்கைச் சொல்கிறேன். ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீற்றர், தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை. 1942 நடுப்பகுதியில் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடிந்தது. வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். செத்தவர்கள் 12,000-க்கும் மேல். இது பெரிய கொடுமை, ஒருவரும் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் – பர்மியர், மலாயர், ஜாவாக்காரர், சீனர், தமிழர் – இரண்டு இலட்சம் அளவில். அவர்களில் செத்தவர்கள் 80,000 தொடக்கம் ஒரு இலட்சம்வரை என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் கொண்டுபோகப்பட்டவர்கள் 75,000 பேருக்கும் மேல். அதில் பெரும்பான்மை றப்பர் தோட்டத் தமிழர். ஏறத்தாழப் பாதிப்பேர் திரும்பி வரவில்லை.

ஏன் அவர்களில் இவ்வளவு கூடுதலாகச் செத்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. போர்க்கைதிகளுக்குள்ளே மருத்துவர்கள் இருந்தார்கள். கத்தியும் மருந்தும் இல்லாவிட்டாலும், தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், மலக்குழியைத் தள்ளி வெட்ட வேண்டும் என்று கட்டளையிட ஒரு அமைப்பு இருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு அது ஒன்றும் இல்லை. சில இடங்களில் பெண்சாதி பிள்ளைகளோடு போனவர்கள் அவர்கள். மூன்று மாத வேலை, கூலி உண்டு, திரும்பி வரலாம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். போர்க்கைதிகள் ஒளித்து வைத்துப் பெயர்ப்பட்டியல் எழுதினார்கள், இன்றைக்கு காஞ்சனபுரிப் போர் மயானத்தில் ஏழாயிரம் அளவு கல்லறைகள் பெயரோடும் படைப்பிரிவோடும் ஒழுங்காக நிற்கின்றன. தொழிலாளிக்குப் பட்டியல் எழுத ஒருவரும் இல்லை. காடுதான் மயானம்.

இன்னொன்று. ஆள் பிடித்த விதம் பற்றிப் போர்க்கைதிகளின் நாட்குறிப்பில் பதிவான ஒரு செய்தி இருக்கிறது. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று மலாயாவில் அறிவிப்பார்கள். கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே இருந்த ஆம்பிளைகளை ரயிலில் ஏற்றி அனுப்புவார்கள். படம் பார்க்கப் போனவர்கள்! சினிமாவையும் சயாம் ரயிலையும் பற்றிப் பேசுகிற எந்தக் கூட்டத்திலும் இந்தச் செய்தி முதலில் சொல்லப்பட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஒரு படக் கொட்டகை அவர்களை விழுங்கியது. பதினைந்து ஆண்டுகள் கழித்து இன்னொரு படம் அவர்கள் இருந்த தடத்தையும் எடுத்துவிட்டது.

நீங்கள் இப்போதுதான் பார்த்தீர்கள். அதில் ஒரு தமிழ்த் தொழிலாளி கண்ணில் பட்டாரா? ஆசியர்கள் வருகிறார்கள்: கொடுங்கோல் தளபதி, காவலாளிகள், அமெரிக்கனுக்குச் சோறு போட்டுக் காப்பாற்றுகிற கிராமத்தவர்கள், கொமாண்டோக்களின் சாமான் சுமக்கிற நாலு வடிவான பெண்பிள்ளைகள். அந்தப் பாதையில் கூடுதலாக வேலை செய்து கூடுதலாகச் செத்த மனிதர்கள் சட்டகத்துக்குள் இல்லை. ஒரு மூலையிலும் இல்லை.

'தெரியாமல் விட்டிருப்பார்கள்' என்று சொல்லலாமா? நாவலாசிரியர் பூல் போருக்கு முன்னால் எங்கே வேலை செய்தார் தெரியுமோ? மலாயாவில். றப்பர் தோட்டத்தில், 1936-லிருந்து 1939 வரை. மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து ஒரு நாவலே எழுதியவர். காலையில் பெரட்டுக்கு நிற்கிற தமிழாட்களை ஒவ்வொரு நாளும் பார்த்திருப்பார். திரைக்கதை எழுதிய வில்சன்? அவர்தான் 1954-ல் வந்த 'சோல்ட் ஒஃப் த ஏர்த்' எழுதியவர். நியூ மெக்சிகோவில் நாகச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். மெக்சிக்க–அமெரிக்கத் தொழிலாளர்கள், அவர்களுடைய மனைவிமார் மறியலைக் கையிலெடுத்த கதை. சங்கத் தலைவரே கதாநாயகனாக நடித்தார். நடித்தவர்களில் பலர் அந்தச் சுரங்கத் தொழிலாளர்களும் குடும்பத்தவர்களும். கதாநாயகி ரொசாவுரா ரெவுவெல்தாசைப் படப்பிடிப்பு முடியுமுன்னே கைது செய்து மெக்சிக்கோவுக்கு அனுப்பினார்கள். அமெரிக்கா முழுவதிலும் ஒரு டசின் அளவு கொட்டகைகளில்தான் அதைக் காட்ட முடிந்தது. அப்படிப்பட்ட ஒரு கை, தோட்டத் தொழிலாளியை எழுதத் தெரியாத கை அல்ல. ஆனால் அந்தக் கை அப்போது பெயரில்லாமல் கூலிக்கு எழுதிக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் சாம் ஸ்பீகலுக்குத் தேவைப்பட்டது அமெரிக்க வசூலுக்கு ஒரு அமெரிக்கக் கதாநாயகன். வில்லியம் ஹோல்டன் வந்தார். நாவலில் விழாத பாலம் படத்தில் வெடித்து விழுந்தது. படம் அந்த ஆண்டு அமெரிக்காவில் எல்லாப் படங்களையும் விடக் கூடுதலாக உழைத்தது.

இனி எங்களுக்கு இன்னும் கிட்டவான விஷயம். இந்தப் படம் எடுக்கப்பட்டது தாய்லாந்தில் இல்லை. இலங்கையில், கிதுல்கலவில், களனி கங்கையில். கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டனுக்கு பஸ்ஸில் போன எல்லாரும் அந்த இடத்தைக் கடந்துதான் போயிருக்கிறீங்கள். பாலத்தின் கொங்கிறீற் அடித்தளம் இன்னும் ஆற்றுக்குள் கிடக்கிறது. 1957 மார்ச்சில் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது பிரதமர் பண்டாரநாயக்க பரிவாரத்தோடு வந்திருந்து பார்த்தார். அந்த வீதியில் அப்படியே மேலே போனால் தேயிலைத் தோட்டங்கள். லயன்களில் இருந்த மலையகத் தமிழருடைய குடியுரிமை 1948-ல் பறிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போய், அவர்கள் நாடற்றவர்களாய் இருந்த காலம் அது. மலாயாவுக்குப் போனவர்களும் இலங்கை மலைக்கு வந்தவர்களும் ஒரே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து, ஒரே கங்காணி முறையில் கப்பலேறினவர்கள். சாகக் கொடுத்த அந்த மக்களின் உறவுகள் சில மைல் தூரத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்க, கீழே அவர்கள் இல்லாத ஒரு மரண ரயிலைக் கமெராவுக்காகக் கட்டி, ஓட்டி, வெடிக்க வைத்தார்கள். இதை நான் ஒரு சதி என்று சொல்ல வரவில்லை. சதி இல்லாமலே இப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

மலாயாவிலும் தேதிகளைப் பாருங்கோ. தப்பி வந்தவர்கள் திரும்பின தோட்டங்களில் போருக்குப் பிறகு சங்கங்கள் எழுந்தன. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே 4-ல் பிரித்தானியர் தூக்கில் போட்டார்கள். 1957 ஓகஸ்ட் 31-ல் மலாயா சுதந்திரம் அடைந்தது. ஒக்டோபரில் லண்டனில் இந்தப் படம் வெளியாகியது. பேரரசு கொடியிறக்கின அதே பருவத்தில், காட்டுக்குள் ஒழுங்காக நின்று சீட்டியடிக்கிற வெள்ளைச் சிப்பாய்களின் அணிவகுப்பு உலகம் முழுவதும் ஓடியது. 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் போட்டபோது ஆறு கோடிப் பேர் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். அந்தச் சீட்டி என் காதிலும் இப்போது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

இடைவேளையில் ஒரு தோழர் என்னிடம் சொன்னார்: இது ஒரு நாவலைத் தழுவிய புனைவுதானே, ஒரு அதிகாரியின் மனப்பிறழ்வைப் பற்றியது, அதில் ஏன் தமிழரைத் தேடுகிறீர்? எல்லாப் படத்திலும் எல்லாரும் இருக்க வேண்டுமா? நியாயமான கேள்வி. எல்லாரும் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இந்தப் படம் எதைப் பற்றியது? இன்னொருவரின் உழைப்பைத் தன் பெருமையாக்கிக்கொள்ளும் மனிதனைப் பற்றியது. பாலம் முடிந்ததும் நிக்கல்சன் ஒரு பலகை செதுக்கி மாட்டுகிறார்: பிரித்தானியப் படையினர் கட்டியது என்று. படம் அதைப் பார்த்து நக்கலாகச் சிரிக்கிறது. ஆனால் அந்தப் பலகையைத்தான் படமும் உலகத்துக்கு மாட்டிவிட்டது. தான் கிண்டல் செய்த அதே வேலையைத் தானே செய்தது. அதனால் இது வெளியிலிருந்து வைக்கிற அரசியல் கோரிக்கை இல்லை, படத்தின் சொந்தக் கேள்வியை அதனிடமே திருப்பிக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

அதே ஆண்டில் அதே கேள்வியைக் கடைசிவரை கொண்டுபோன படம் ஒன்று உண்டு. ஸ்டான்லி குப்ரிக்கின் 'பாத்ஸ் ஒஃப் குளோரி'. முதலாம் உலகப்போர், பிரெஞ்சுப் படை. ஒரு ஜெனரலின் பதவி ஆசைக்காக நடக்கவே முடியாத தாக்குதல். தோற்றதும் மூன்று சாதாரணச் சிப்பாய்களைப் பிடித்து, கோழைகள் என்று சுட்டுக் கொல்கிறார்கள். ஜெனரல்கள் மாளிகையில் சாப்பிடுகிறார்கள். அதிகாரியின் மானத்துக்கு யாருடைய உடம்பு விலையாகிறது என்பதில் அந்தப் படத்துக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. பாலம் வெடிக்கிற மாதிரி ஒரு விடுதலையும் பார்வையாளருக்குக் கொடுக்காது. பிரான்சில் 1975 வரை அதைக் காட்டவில்லை. ஒஸ்காரில் ஒரு பரிந்துரையும் இல்லை.

பரிந்துரைக்கப்பட்ட ஐந்துக்குள்ளே என்று கேட்டால், சிட்னி லூமெட்டின் 'ட்வெல்வ் அங்ரி மென்'. மூன்று பரிந்துரை: படம், நெறியாள்கை, தழுவல் திரைக்கதை. மூன்றையும் 'குவாய்' தட்டிக்கொண்டு போனது. ஒரு அறை, பன்னிரண்டு வெள்ளை ஆண்கள், சேரிப் பெடியன் ஒருவனின் உயிர். அந்தப் பெடியனும் ஒரு நிமிடம்தான் திரையில் வருகிறான் என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்து முகத்தை நீங்கள் மறக்க முடியாமல் படம் முழுக்க வைத்திருக்கிறது. இல்லாதவனைப் பற்றித்தான் அங்கே எல்லாரும் பேசுகிறார்கள். 'குவாய்' படத்தில் இல்லாதவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அப்போ என்னுடைய தீர்ப்பு என்ன? வளைத்துக்கொண்டு போகாமல் சொல்கிறேன். கின்னசுக்குக் கொடுத்தது சரி. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, சரி. இசையில் பாதி, 1914-ல் எழுதின ஒரு படையணிப் பாட்டுக்குப் போக வேண்டியது, அதை விடுவோம். திரைக்கதை விருது எழுத்துக்குச் சரி, வாங்கிய ஆளுக்குப் பிழை. நெறியாள்கையில் என் வாக்கு லூமெட்டுக்கு, ஆனால் அதற்காகச் சண்டை பிடிக்க மாட்டேன். சிறந்த படம் விருதுக்காகச் சண்டை பிடிப்பேன். அது போகக் கூடாத இடத்துக்குப் போயிருக்கிறது. ஏனென்றால் மற்ற விருதுகள் ஒரு வேலையைப் பாராட்டுகின்றன. சிறந்த படம் என்ற விருது, இந்தக் கதை இப்படித்தான் நடந்தது என்று உலகத்துக்குச் சொல்லிவிடுகிறது. காஞ்சனபுரியில் 1977-ல் திறந்த ஒரு போர் அருங்காட்சியகத்தின் பெயர் 'ஜீத்'. ஜப்பான், இங்கிலாந்து, அவுஸ்திரேலியாவும் அமெரிக்காவும், தாய்லாந்து, ஹொலண்ட் – இவற்றின் முதலெழுத்துகளைக் கோத்த சொல். மலாயாவுக்கோ பர்மாவுக்கோ ஜாவாவுக்கோ இந்தியாவுக்கோ அதில் ஒரு எழுத்து இல்லை. அந்த அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் யாரால் அந்த ஊரின் பெயரைக் கேள்விப்பட்டார்கள்? இந்தப் படத்தால்.

தமிழில் இந்தக் கதை எழுதப்படாமல் இல்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்றே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இருக்கிறது. எங்கட ஆக்களில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? ஈழத்து இடதுசாரி வாசிப்பில் மலாயா எப்போதும் 'பென்ஷனியர்' கதையாகத்தான் வந்திருக்கிறது – யாழ்ப்பாணத்திலிருந்து போய் ரயில்வேயில், கந்தோரில் கிளார்க்கராய் இருந்து காசோடு வந்து கல்வீடு கட்டின அப்பப்பாக்கள். அந்த ரயில்வேக்குச் சிலிப்பர் கட்டை சுமந்தவனும் தமிழன்தான், ஆனால் அவன் எங்கள் குடும்பப் படங்களில் இல்லை. லீனுடைய சட்டகத்தைக் குறை சொல்லுகிற நேரம் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற சட்டகங்களையும் ஒருக்காப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதம் 'சோல்ட் ஒஃப் த ஏர்த்' போடுகிறோம். பெரிய தயாரிப்பு அல்ல, அமெரிக்கச் சுரங்கச் சங்கத்தின் ஆதரவோடு எடுத்த படம், தொண்ணூற்று நாலு நிமிடம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம். சண்முகத்தின் நாவலில் இரண்டு பிரதிகள் பின் மேசையில் இருக்கின்றன, பெயரை எழுதிவைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கோ.

தேத்தண்ணி ஆறமுதல் கேள்விகளுக்குப் போவோம். அதுக்கு முதல், பின்வரிசையில் இருக்கிற எங்கட மலேசியத் தோழர் பேசட்டும். அவருடைய தாத்தாவின் அண்ணன் அந்தப் பாதைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. வீட்டில் அவரைப் பற்றி என்ன சொல்லிக் கேள்விப்பட்டார் என்று சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தோழர், முன்னுக்கு வாங்கோ, மைக் இஞ்சை இருக்கு.